மலையை அளந்தவர் சொல்லும் சான்று

பொய்ச்சான்று கூறலாகாது என்னும் எட்டாம் கட்டளையை நாம் பெரும்பாலும் நாவோடு சேர்த்தே எண்ணிப் பழகிவிட்டோம். நீதிமன்றக் கூண்டில் நிற்பவரும், திண்ணையில் அமர்ந்து புறங்கூறுபவரும் அக்கட்டளையின் எல்லைக்குள் வருவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், ஒரு கோடு பொய் சொல்லுமா? தாளில் வரையப்பட்ட மலையும் ஆறும், ஒன்றுமே வரையப்படாமல் விடப்பட்ட வெள்ளையிடமும் அயலாரைப் பற்றிய சான்றாக முடியுமா? முடியும் என்பதே நம் எண்ணம். அதனை விளக்க நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் நிலவரைபடம். சிறப்பாக, மனிதர் எளிதில் சென்றடைய இயலாத மலைநாட்டின் வரைபடம்.

வரைபடம் வரைபவர் ஒரு சாட்சி. தாம் சென்று கண்டதை, அங்கே செல்லாத நமக்கு அவர் எடுத்துரைக்கிறார். அவர் சொல்லை நம்பி நாம் சாலை அமைக்கிறோம், அணை கட்டுகிறோம், காட்டுக்கு எல்லை வகுக்கிறோம், வரி விதிக்கிறோம். எனவே அவருடைய சான்று இரு சாராரைத் தொடுகிறது: படத்தைப் படிப்பவர் ஒரு சாரார், படத்துக்குள் வாழ்பவர் மறு சாரார். முன்னவர்க்கு உண்மை சொல்லும் கடமை அளப்பவர்க்கு உண்டென்பதை யாவரும் ஒப்புவர். பின்னவர்க்கும் அவர் ஏதேனும் கடன்பட்டவரா என்பதே நாம் ஆராயப் புகும் வினா.

குமரி முதல் இமயம் வரை

குமரி முதல் இமயம் வரை என்பது நம் மொழியில் தொன்றுதொட்டு வழங்கும் தொடர். புலவர்கள் மன்னரைப் புகழச் சொன்ன அத்தொலைவை 19ஆம் நூற்றாண்டில் சிலர் உண்மையாகவே அளந்தனர். வில்லியம் லாம்டன் என்னும் படைத்துறை அலுவலர் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே அவ்வேலையைத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி கொண்டு ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளக்க 57 நாள்கள் ஆயின. வெயிலில் இரும்பு நீளும் என்பதால் சங்கிலியின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டே அவர்கள் அளந்தனர்.

அடிக்கோடு அமைந்துவிட்டால் பிறகு சங்கிலிக்கு வேலை குறைவு. நீளம் தெரிந்த கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றின் உச்சியை நோக்கி இரு கோணங்களையும் அளந்தால், குன்றின் தொலைவு கணக்கில் வந்துவிடும். அம்முக்கோணத்தின் பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இவ்வாறு முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுவதையும் கட்டிவிடலாம். கோணம் அளக்கும் தியோடலைட்டுக் கருவி அரை டன் எடையுள்ளது. குன்றில்லாத சமவெளியில் கோபுரமே குன்றாயிற்று. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே அக்கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் பல வாரங்கள் கூடாரத்தில் அமர்ந்து தம் கையாலேயே அதனைச் செப்பம் செய்தார். 1809இல் அவருடைய முக்கோணங்கள் கன்னியாகுமரிக்கு அண்மையிலுள்ள புன்னை என்னுமிடத்தை அடைந்தன. வடக்கே அளந்துகொண்டிருந்தபோதே 1823இல் இங்கன்காட் என்னும் ஊரில் அவர் இறந்தார். அவருக்குப் பின் சியார்சு எவரெஸ்டு அவ்வேலையை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுசென்றார். ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீண்ட அந்த வில்லின் தென்முனை நம் மாவட்டத்தில் இருக்கிறது என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி.

நம் மலைகளும் அக்காலத்திலேயே படத்தில் ஏறின. பென்சமின் வார்டு, பீட்டர் கானர் என்னும் இரு அலுவலர் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி அரசுகளை அளந்து படம் வரைந்ததோடு, ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் பற்றி விரிவான குறிப்பும் எழுதினர். அருமனையும் அதற்கு அப்பால் எழும் மலைத்தொடரும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. அட்டையும் காய்ச்சலும் நிறைந்த மலைக்காட்டில் வழி வெட்டி, சுமை தூக்கி, உச்சியில் கொடி நட்டு, இரவில் விளக்கேற்றி நின்ற கூலியாள்கள் எத்தனை பேர்! கோணத்தைக் குறித்தவரின் பெயர் ஏட்டில் இருக்கிறது; விளக்கைப் பிடித்தவரின் பெயர் இல்லை.

யாரும் காணாத இடத்தில்

அளப்பவரின் முதற்கடன் உண்மை. அதன் அருமை மலைக்காட்டில்தான் விளங்கும். சந்தையில் எடைக்கல்லைச் சோதிக்க ஆளுண்டு. ஆளற்ற பனிமலையில் ஒருவர் தாம் காணாததைக் கண்டதாக எழுதினால் அவரை மறுக்க யார் இருக்கிறார்? அங்கே வரைபடம் முழுவதும் ஒரு மனிதரின் மனச்சான்றையே தூணாகக் கொண்டு நிற்கிறது.

கிந்தப் என்பவரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. சிக்கிமைச் சேர்ந்த இவர் எழுதப்படிக்கத் தெரியாத தையல்காரர். திபெத்தில் ஓடும் சாங்போ ஆறும் அசாமில் ஓடும் பிரம்மபுத்திராவும் ஒன்றா என்பது அந்நாளில் தீராத ஐயம். அதனைத் தீர்க்க 1880இல் நில அளவைத் துறை ஒரு சீனத் துறவியையும் அவருக்கு உதவியாகக் கிந்தப்பையும் அனுப்பியது. துறவி வழியில் கிந்தப்பை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். கிந்தப் தப்பியோடி ஒரு மடத்தில் அடைக்கலம் புகுந்தார். ஊருக்குத் திரும்பாமல், மடத்தலைவரிடம் விடுப்புப் பெற்று, முன்பு இட்ட கட்டளைப்படி 500 மரத்துண்டுகளை வெட்டி அடையாளமிட்டு, நாளுக்கு 50 வீதம் ஆற்றில் விட்டார். அவற்றைக் கீழே பார்த்திருக்கும்படி முன்னரே சொல்லியனுப்பிய கடிதம் உரியவரைச் சேரவில்லை. மரத்துண்டுகள் யாரும் காணாமல் கடலுக்குப் போயின. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பிய அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. 1913இல் பெய்லி, மோர்சுகெட் என்னும் இரு அலுவலர் அப்பள்ளத்தாக்கில் நடந்து பார்த்தபோது, நினைவிலிருந்து அவர் உரைத்தவற்றுள் பெரும்பகுதி சரியென்று கண்டனர். முதியவரைத் தேடிப்பிடித்து ஒரு தொகை வழங்கினர். சிறிது காலத்தில் அவர் இறந்தார்.

இதனோடு வைத்து எண்ணத்தக்கது வடமுனைப் பகுதியில் நடந்த ஒன்று. 1906இல் இராபர்ட்டு பியரி என்னும் அமெரிக்கர் கனடாவின் வடகோடியில் ஒரு முனையில் நின்று, பனிக்கடலுக்கு அப்பால் மலைகள் நிறைந்த புதிய நிலமொன்றைக் கண்டதாக எழுதினார். தமக்குப் பொருளுதவி செய்த செல்வர் ஒருவரின் பெயரால் அதற்குக் கிராக்கர் நிலம் என்று பெயரும் இட்டார். அந்நாளின் அவருடைய குறிப்பேட்டில் அப்படியொரு காட்சியைப் பற்றிய பேச்சே இல்லையென்று பின்னாளில் ஆய்ந்தோர் சுட்டிக்காட்டினர். 1914இல் மாக்மில்லன் என்பவர் அதைத் தேடிப் பனிமேல் சென்றார். தொலைவில் குன்றும் பள்ளத்தாக்கும் தோன்றின. உடன் சென்ற பியுகாட்டோக் என்னும் இனுயிட்டு வழிகாட்டி, அது நிலமன்று, மூடுபனி என்றார். பல நாள்கள் நடந்தபின் அவர் சொன்னதே உண்மையென்று தெரிந்தது. அப்பயணத்திலேயே பியுகாட்டோக்கை உடன் வந்த வெள்ளையர் ஒருவர் சுட்டுக்கொன்றார். அதற்காக எந்த நீதிமன்றத்திலும் அவர் நிறுத்தப்படவில்லை.

ஒருபுறம் எழுத்தறியாத தையல்காரர். மறுபுறம் உலகப் புகழ்பெற்ற பயணி. சான்றின் மதிப்பு சொல்பவரின் கல்வியையோ புகழையோ பொறுத்ததன்று என்பது இங்கே வெளிப்படை. அதைவிட ஆழமான பாடமும் ஒன்றுண்டு. ஒரு நிலத்தைப் பற்றி உண்மை அறிய விரும்புபவர், அந்நிலத்தில் வாழ்பவரை முதற்சாட்சியாக ஏற்கக் கடமைப்பட்டவர்.

நூறு மணிகள் கொண்ட மாலை

உண்மையாக அளந்துவிட்டால் கடமை முடிந்ததா? இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுகிறது.

திபெத்து தன் எல்லையை அயல்நாட்டார்க்கு அடைத்திருந்த காலம். குமாவுன் மலையைச் சேர்ந்த நைன்சிங் என்னும் பள்ளி ஆசிரியரை ஆங்கில அளவைத் துறையினர் பயிற்றுவித்து, 1865இல் வணிகர் வேடத்தில் அனுப்பினர். மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவாக அடிவைத்து நடக்க அவர் பழகியிருந்தார். 2,000 அடிவைப்பு ஒரு மைல். திபெத்திய மணிமாலையில் 108 மணிகள் இருப்பது வழக்கம். அவர் கையில் இருந்ததில் 100 மணிகள். 100 அடிவைப்புக்கு ஒரு மணி தள்ளினார். செபச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் குறிப்புத் தாள். ஊன்றுகோலுக்குள் வெப்பமானி. இவ்வாறு இலாசா நகரின் இடத்தையும் உயரத்தையும் கணித்துக்கொண்டு திரும்பினார். 1877இல் இலண்டன் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

அவருடைய பொறுமையையும் துணிவையும் போற்றாதிருக்க முடியாது. அவர் அளந்த அளவு உண்மை. ஆயினும், அவ்வுண்மை செபத்தின் வேடத்தில் பெறப்பட்டது. பொய் எந்நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டாலும் பொய்யே என்று புனித அகுசுத்தீன் கற்பித்தார். தூய தோமா அக்குவினாசும் அதனையே வழிமொழிந்தார். இக்கருத்தை மிகக் கடுமையானது என்போரும் உளர். மாலையை உருட்டிக்கொண்டு வருபவரை வழிப்போக்கர் வணங்கி வழிவிட்டனர். அந்த நம்பிக்கையே அவருக்கு அளவுகோலாயிற்று. 1903-04இல் ஆங்கிலப் படை திபெத்துக்குள் புகுந்தபோது, அந்நாட்டைப் பற்றி ஆங்கிலேயர் கையிலிருந்த அறிவின் பெரும்பகுதி இத்தகைய பயணிகள் திரட்டித் தந்ததே. அளந்த தனிமனிதரைவிட, அளக்க அனுப்பியவர்களின் பொறுப்பே இதில் பெரிது.

விவிலியத்திலும் நில அளவை உண்டு. யோசுவா நூலின் 18ஆம் அதிகாரத்தில், ஒவ்வொரு குலத்திலிருந்தும் மும்மூன்று பேர் நாட்டைச் சுற்றி நடந்து, அதனை ஏழு பகுதிகளாக எழுதிக் கொண்டுவருகின்றனர். அங்கு ஏற்கெனவே வாழ்ந்தோரை அவர்கள் கேட்டதாக அந்நூலில் இல்லை. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சாமுவேல் இரண்டாம் நூலின் 24ஆம் அதிகாரமோ தாவீது தம் மக்களை எண்ணியதைப் பாவமென்கிறது. எண்ணுவதில் பாவம் என்ன? ஆண்டவருடைய மக்களைத் தம் உடைமைபோல் தாவீது கணக்கிட்டார் என விளக்கம் தருவர். அளவு சரியாகவே இருந்திருக்கலாம். அளந்த கண்ணில் கோணல் இருந்தது.

அயல் நிலத்தார்க்கு அறிவிப்பு

நம் பகுதியில் நிலம் சிறிது. அதிர்க்கல்லைப் பற்றிய வழக்கோ பெரிது. ஒரு சாண் நிலத்துக்காக உடன்பிறந்தோர் பேசாதிருப்பதை நாம் அறிவோம். அதனாலன்றோ, ஐந்து சென்ட் நிலத்தை அளப்பதானாலும் பக்கத்து நிலத்தார்க்கு முன்னறிவிப்புத் தரும் முறை இருக்கிறது! அயலார் அருகே நிற்க, அவர் கண்முன் சங்கிலி இழுக்கப்பட வேண்டும். எளிய அலுவலக நடைமுறையாகத் தோன்றும் இதனுள் ஓர் அறநெறி அடங்கியுள்ளது: யாருடைய எல்லையைப் பற்றிச் சான்று சொல்கிறோமோ, அவர் அச்சான்றைக் கேட்கவும் மறுக்கவும் உரிமையுடையவர்.

ஐந்து சென்டுக்கு உள்ள இம்மதிப்பு மலைக்கு இருந்ததா? நம் மலைகளில் வாழும் காணிக்காரரை எண்ணிப் பார்ப்போம். காணி என்னும் சொல்லுக்கு வழிவழி வரும் நிலவுரிமை என்பது பொருள். அது நில அளவு ஒன்றன் பெயருமாகும். மூட்டுக்காணி என்னும் தலைவரின் கீழ் வாழ்ந்த அம்மக்களுக்கு ஒவ்வோர் ஓடையும் பாறையும் எல்லையாக, நினைவாக, பெயராக இருந்தன. அளவையாளர் சென்றபின் அம்மலைகள் ஏட்டில் ஏறின. காடு, ஒதுக்கப்பட்ட காடு, தோட்டம், நீர்த்தேக்கம் என்று பிரிந்தன. உரிமை நிலத்தின் பெயரைத் தம் பெயராகக் கொண்டவர்கள், தாம் வாழும் நிலத்துக்கு ஆவணமில்லாதவர் ஆயினர்.

1906இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையால் நாஞ்சில் நாட்டு வயல்கள் செழித்ததை யார் மறுப்பார்? நாமும் அச்சோற்றை உண்டவர்களே. ஆனால், நீர்த்தேக்கத்துக்கு மறுபுறமிருந்த காணிக் குடியிருப்புகள் சிலவற்றின் மக்கள், நோயாளியைச் சுமந்து வருவதற்கும் நெடுங்காலம் படகையே நம்பியிருந்தனர். 1:50,000 அளவுத் தலப்படத்தில் நிலத்தின் அரைக் கிலோமீட்டர் தாளில் ஒரு சென்டிமீட்டர். அங்கே அந்நீர்ப்பரப்பு அழகிய நீல நிறம். அதைக் கடப்பதற்கு ஆகும் நேரம் அதில் இல்லை. இரு சமவுயரக் கோடுகளுக்கிடையே 20 மீட்டர் உயர வேறுபாடு; அந்த இருபது மீட்டரைத் தலைச்சுமையோடு ஏறும் மூதாட்டியின் மூச்சு அதில் இல்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத முடியாது என்பது உண்மையே. எழுதாது விட்டதை இல்லையென்று கொள்வதே பொய்ச்சான்று.

பெயரிடுவதிலும் இப்பொய் நுழையும். 15ஆம் எண் சிகரமெனக் குறிக்கப்பட்ட இமய முடியின் உயரத்தைக் கணிப்பதில் இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணிதர் பெரும்பங்கு ஆற்றினார். 1856இல் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டபோது, அதற்கு உள்நாட்டுப் பெயர் கிடைக்கவில்லை எனக் கூறி எவரெஸ்டின் பெயரைச் சூட்டினர். அப்பெயரை இந்நாட்டு மக்கள் சொல்ல இயலாதென்று எவரெஸ்டே தயங்கினார். அதற்கு நூறாண்டுக்கு முன்பே, இயேசு சபைத் துறவியரிடம் அளவை பயின்ற இலாமாக்கள் கொண்டுவந்த செய்தியைக் கொண்டு 1730களில் பாரிசில் அச்சான வரைபடத்தில் சோமோலுங்மா என்னும் திபெத்தியப் பெயரின் திரிந்த வடிவம் இருந்தது. பெயர் இல்லாதிருக்கவில்லை, கேட்டவர் இல்லை.

வாழ்பவர் வரைந்த படம்

அப்படியானால் அளவையே தீதா? அவ்வாறு நாம் கூறவில்லை. படத்தில் இல்லாத ஊருக்குப் பள்ளி வருவதில்லை, மருத்துவர் வருவதில்லை, மலை சரிந்தால் மீட்க ஆளும் வருவதில்லை. கேளாமல் வரையப்படுவது ஒரு தீங்கு. வரையப்படாமலே விடப்படுவது மற்றொரு தீங்கு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: வாழ்பவரையும் சாட்சியாக அழைத்தல்.

இதற்கு வடமுனையே நல்ல எடுத்துக்காட்டையும் தருகிறது. 1885இல் கிழக்குக் கிரீன்லாந்தில் குனிட் என்பவர், டென்மார்க்கு நாட்டுப் பயணி ஒருவருக்கு மரத்தில் செதுக்கிய கடற்கரைப் படத்தைத் தந்தார். முனைகளும் குடாக்களும் விரலால் தடவி அறியும்படி அதில் அமைந்திருந்தன. 1970களில் கனடாவின் வடபகுதியில் இனுயிட்டு வேட்டையாளர்கள், அரசு அச்சிட்ட தலப்படங்களின் மேல், தாமும் தம் முன்னோரும் சென்ற வழிகளையும் வேட்டையிடங்களையும் வரைந்தனர். 1976இல் அது பெரும் அறிக்கையாக வெளிவந்தது. வெறும் பனிப்பாலையென்று எண்ணப்பட்ட தாள்கள் கோடுகளால் நிறைந்தன. அந்தச் சான்று அவர்களுடைய நிலவுரிமைப் பேச்சுக்கு அடிப்படையாகி, 1993இல் உடன்படிக்கையும், 1999 ஏப்ரல் 1ஆம் நாள் நுனாவுத் என்னும் ஆட்சிப்பகுதியும் உருவாக வழிவகுத்தது. அளந்தவரின் தாளையே அளக்கப்பட்டவர் தம் சான்றுரையாக்கினர்.

நம் நாட்டின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்திலும் இவ்வெண்ணத்தின் சாயல் உண்டு. கிராம சபை உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று, எல்லைகளைக் காட்டும் படத்தை ஆயத்தம் செய்யலாம். எழுதி வைக்கப்பட்ட முதியோர் வாய்மொழியும், வழிபாட்டிடங்களும், இடுகாடுகளும் சான்றாக ஏற்கப்படும். கல்லறையும் ஒரு சாட்சி! இறந்தோரை எங்கே புதைத்தோமோ அங்கே நாம் வாழ்ந்தோம் என்பதைவிட வலிய சான்று வேறெது? சட்டம் தாளில் இருப்பதும் மலையில் நடப்பதும் வேறு என்பதையும் நாம் அறிவோம். உரிமைத்தாள் வேண்டி அலுவலகப் படியேறும் ஏழைக்கு உடன் நடக்கவும், அவர் சொல்வதைப் பிழையின்றி எழுதித் தரவும் படித்தவர்கள் முன்வராவிடில் சட்டம் வெறுந்தாளே.

இன்று செயற்கைக்கோள் சில நொடிகளில் எந்த மலையையும் படமெடுத்துவிடும். 2020இல் நேபாளமும் சீனாவும் இணைந்து அறிவித்த சோமோலுங்மாவின் உயரம் 8,848.86 மீட்டர், சென்டிமீட்டரும் கணக்கில் வந்துவிட்டது. ஆயினும், விண்ணிலிருந்து நோக்கும் கண்ணுக்கு மரத்தின் உச்சி தெரியும்; அதன் நிழலில் அடுப்பெரிப்பவரின் பெயர் தெரியாது. கருவி வளர வளரச் சாட்சியின் கடமை குறைவதில்லை. பார்க்கும் ஆற்றல் மிகுந்தவர்க்குக் கேட்கும் பொறுப்பும் மிகும்.

மலைநாட்டை அளப்பவர் நம்மிடையே சிலரே. ஆனால் ஒருவரை ஒருவர் நாம் நாள்தோறும் அளக்கிறோம். அந்தக் குடும்பம் அப்படிப்பட்டது, அந்தக் கரையார் இப்படிப்பட்டவர், மலையில் உள்ளவர்க்கு ஒன்றும் தெரியாது என்றெல்லாம் நம் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. நாம் சென்று பாராத இடங்களே அப்படத்தில் வெள்ளையாகக் கிடக்கின்றன. அவ்வெண்மை அயலாரின் வறுமையைக் காட்டவில்லை. நம் அறியாமையின் பரப்பைக் காட்டுகிறது. அயலாரைப் பற்றி நாம் சொல்லும் சான்றை அவர் முன்னிலையில் வாசித்துக் காட்ட முடியுமானால், அதுவே நேரிய அளவு.